தையல்காரர் பார்த்துத் தொலைத்த பிறை

எங்கள் தெருவில் பெருநாள் நெருங்கிவிட்டது என்பதை யாரும் நாள்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தையல்கடைக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கி, உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். தையல்காரர் வீட்டுப் பின்வாசல் வழியாகக் கடைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். துணி கேட்டு வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள். மெஷின் சத்தத்துக்கு என்ன பதில் என்று கேட்டால் "எலியா இருக்கும்" என்பாள் அவர் பெண்டாட்டி. அவ்வளவு ஒழுங்காகத் தைக்கிற எலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் பொத்தான்பாக்கி. எப்போது போய்க் கேட்டாலும், "முடிஞ்சிடுச்சுங்க, பொத்தான் மட்டும்தான் பாக்கி" என்பார். நான் ஒரு தடவை ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டேன். அதற்கும் பொத்தான்தான் பாக்கி என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. 'இல்லை' என்கிற ஒரு சொல்தான் அவர் வாயில் வராது. 'இனி ஆர்டர் எடுக்கப்படமாட்டாது' என்று அட்டை எழுதித் தொங்கவிடுவார். அந்த அட்டைக்கு அடியிலேயே நின்று துணியை வாங்கி, முகர்ந்து பார்த்து, "நல்ல துணி, பெருநாளைக்குத் தந்துடலாம்" என்பார். இந்த வருஷம் நோன்பின் கடைசி வாரத்தில் பள்ளிவாசல் தலைவர் வந்து, தனக்கும் இரண்டு பையன்களுக்கும் ஒரே துணியில் ஒரே மாதிரி மூன்று ஜோடி வேண்டும், படம் எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. போன மாதம் இருபத்தொன்பது நாளில் முடிந்துவிட்டதாம். ஆகவே இந்த நோன்பு மாதம் முப்பதாகத்தான் இருக்குமாம். நிலாவை நேரில் பார்த்து எழுதி வாங்கி வந்தவர் மாதிரி சொன்னார். அந்த முப்பதாம் நாளை நம்பித்தான் பாதித் துணியை வாங்கி வைத்திருந்தார்.

அதே நாளை நம்பித்தான் அவர் பெண்டாட்டியும் இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை, ஒட்டிய சுவர்தான் உறவு. அவர்களுடைய ஒரே மகளைப் போன வருஷம் பட்டணத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். போன பெருநாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் அவருடைய பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பெருநாளுக்குத்தான் மகள் முதன்முறையாகப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். மாப்பிள்ளைக்கு விடுமுறை ஆரம்பிப்பதே அந்த முப்பதாம் நாளில்தான். அன்று காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம், மறுநாள் பெருநாள். அக்கா அவர்களுக்கென்று ஒரு அறையில் தலையணை உறையை மாற்றிவிட்டு, யாரும் தலைவைத்துவிடக் கூடாது என்று அந்த அறையையே பூட்டி வைத்திருந்தாள்.

ஆக, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அந்த ஒரு நாள் வேண்டும். இருபத்தொன்பதாம் நாளே பிறை தெரிந்து, மறுநாள் பெருநாளாகிவிட்டால் கடையின் மானம் கப்பலேறும். மகள் பெருநாளைப் பஸ்ஸில் கொண்டாடுவாள்.

அவர்களுக்கு மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். கறிக்கடைக்காரர் ஆட்டை வாங்கிக் கட்டிவிட்டு, பிறை சீக்கிரம் தெரிய வேண்டும் என்று துடித்தார். பள்ளிக்கூட வாத்தியார், வார விடுமுறையோடு ஒட்டி வரவேண்டும் என்பதற்காகத் தள்ளிப் போனால் தேவலை என்றார். என் வீட்டுக்காரருக்கு எந்த நாளானாலும் சரி, பகலில் டீ கிடைத்தால் போதும். வானத்தில் இருப்பது ஒரு நிலா. அதன் தலையில் எத்தனை பேருடைய சௌகரியம்!

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம். நோன்பு திறந்து, தொழுது முடித்து, நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணி மத்தியானமே காய்ந்துவிட்டது. அது வேறு விஷயம். அங்கிருந்து பார்த்தால் பள்ளிவாசல் மாடி நன்றாகத் தெரியும். தலைவரும் இமாமும் நிர்வாகிகளும் வரிசையாகக் கழுத்தை நீட்டி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே என்ன இருக்கிறது? தலைவர் கட்டிய நாலு மாடிக் கட்டடம் இருக்கிறது. பாதி வானத்தை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்ல நிர்வாகிகள் யாருக்கும் வாய் வருவதில்லை, ஏனென்றால் அவர்களில் பாதிப் பேருடைய கடை அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. ஆகவே வருஷா வருஷம் தலைவரின் தண்ணீர்த் தொட்டியைப் பயபக்தியோடு பார்த்துவிட்டு, தென்படவில்லை என்று இறங்கி வந்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து செய்தி வந்தால் உண்டு. அன்று வெளியூரிலும் மேகம்.

அந்த நேரத்தில் தையல்காரர் தன் மாடிக்கு வந்தார். பிறை பார்க்க இல்லை. கொடியில் தலைவர் வீட்டுத் துணி, என் பக்கத்துக்கும் மேற்கு வானத்தை மறைத்தபடி, அகலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தைப்பதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டால்தான் சுருங்குவது சுருங்கி முடியும். அதை எடுக்க வந்தவர், ஒரு முனையை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றார். பிறகு, திறக்கக் கூடாத கதவைத் திறந்துவிட்டவர் மாதிரி துணியை மெல்ல இழுத்துப் பழையபடி மூடினார். இரண்டு பக்கமும் கிளிப் வேறு போட்டார்.

"என்ன மச்சான், அங்க என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அங்க என்ன தெரியும் கொழுந்தியா? துணி காயல."

"துணி காயலைன்னா மூஞ்சி ஏன் இப்படிக் காய்ஞ்சு போச்சு?"

அதற்குள் அக்கா மேலே வந்துவிட்டாள்.

"துணி எடுக்கப் போனவர் துணிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறீங்க? தலைவர் வர்றாரா?"

"யாரும் வரல. நீ மேற்கால பார்க்காதே."

வேறு பெண்பிள்ளையாக இருந்தால் உடனே மேற்கேதான் பார்த்திருப்பாள். அக்கா விவரம் தெரிந்தவள். சட்டென்று கிழக்கே திரும்பி நின்றுகொண்டாள்.

"அல்லாவே! நான் எதையும் பார்க்கல."

"நான் பார்த்துட்டேனே."

"என்னத்தைப் பார்த்தீங்க? விமானம் போன புகையா இருக்கும்."

"புகைக்கு ரெண்டு கொம்பா இருக்கும்?"

"உங்க கண்ணுக்கு இருந்தாலும் இருக்கும். ஊசியில நூல் கோக்க ஒவ்வொரு தடவையும் என்னைத்தானே கூப்பிடுறீங்க?"

"அது கிட்டத்துல. தூரத்துல எனக்கு எப்படித் தெரியும்னு உனக்குத் தெரியாதா?"

அதில் பொய்யில்லை. தெருமுனையில் வருகிறவர் யார், அவருடைய துணி எந்த நிலையில் இருக்கிறது, தான் ஒளிய வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துவிடுவார். இத்தனை வருஷமாக அதற்கென்றே பழகிய கண் அது.

"சரி, பார்த்தீங்க. பார்த்ததை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. ஒரு நோன்பு கூட வெச்சா யாருக்கு என்ன குறைஞ்சிடும்?"

"பெருநாளன்னைக்கு நோன்பு வெக்கக் கூடாதுடி. ஊரே வெக்கும். அவ்வளவு பேரோடதும் என் தலையில வந்து விழும்."

"புள்ள மொத மொதல்ல வீட்டுக்கு வர்றா. அவளைப் பஸ்ல உக்கார வெச்சுட்டு நான் யாருக்குச் சோறு போடுறது? உங்க நிலாவுக்கா?"

"எனக்கு மட்டும் ஆசையா? கீழ போய்ப் பாரு. கட்டிலுக்கு மேலேயும் துணி, அடியிலேயும் துணி. காலையில எழுந்து பள்ளிக்குப் போனா என்னையே கிழிச்சுத் தைச்சுடுவாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். வாயை மூடிக்கிட்டு இறங்கி வாங்க."

அவர் இறங்கத்தான் போனார். அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. டொக் டொக் என்று மைக்கைத் தட்டினார்கள். மேகம் காரணமாகப் பிறை தென்படவில்லை, ஆகவே நாளை நோன்பு என்று சொல்லப் போகிறார்கள். தையல்காரர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். விறுவிறுவென்று படியிறங்கினார். மேலிருந்து எட்டிப் பார்த்தோம். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் அக்காவின் செருப்பு. தெருவில் ஓடினார்.

"எங்க போறீங்க?" என்று அக்கா கத்தினாள். அவர் திரும்பவில்லை.

இனி நடந்ததை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மைக்கைத் தட்டிய புண்ணியவான் அதை அணைக்க மறந்துவிட்டார். நானும் அக்காவும் மாடியில் நின்றபடியே கேட்டோம். தெரு முழுக்கக் கேட்டது.

முதலில் கறிக்கடைக்காரர் குரல். "இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க! ஆடு நிக்குது!"

"உன் ஆட்டுக்காக நிலா வருமாய்யா?" இது தலைவர்.

அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். "நான் பார்த்தேன்."

"எதை?"

"பிறையை. எங்க மாடியிலேருந்து."

"இத்தனை பேர் நின்னு பார்த்தோம், எங்களுக்குத் தெரியல. உனக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்?"

"உங்களுக்குக் கட்டடம் மறைக்குது."

யாரோ இருமினார்கள். இத்தனை வருஷமாக நிர்வாகிகள் ஒருவரும் சொல்லாததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார் மனுஷர். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "துணிதான் தரலைன்னா, வாயாவது சும்மா இருக்குதா பாரு."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இமாம், இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நேத்து என் துணி என்ன ஆச்சுன்னு கேட்டேன். பொத்தான் மட்டும்தான் பாக்கின்னார். அதுக்கு முன்னாடி கேட்டப்பவும் பொத்தான் மட்டும்தான் பாக்கின்னார். இவர் பேச்சை நம்பி ஊரே நோன்பை விடணுமா?"

'அதானே', 'அதானே' என்று பல குரல்கள். எல்லாரும் துணி கொடுத்தவர்கள்.

இமாம் சின்ன வயதுக்காரர். கத்திப் பேச மாட்டார். "சாட்சி சொல்றவர் வார்த்தை சுத்தமா இருக்கணும். அதனால உங்களையே கேக்கறேன். தலைவர் வீட்டுத் துணிக்குப் பொத்தான் மட்டும்தான் பாக்கியா?"

மாடியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால் துணி தப்பிக்கும், பிறை போய்விடும். இல்லை என்றால் பிறை நிற்கும், கடை போய்விடும்.

"இல்லைங்க" என்றது ஒலிபெருக்கி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

"அப்போ காலர் பாக்கியா?"

"இன்னும் வெட்டவே இல்லைங்க. நனைச்சுக் கொடியில போட்டிருக்கு. அதை விலக்கினப்போதான் பிறை தெரிஞ்சுது."

"வெட்டவே இல்லையா!" என்று தலைவர் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. அப்புறம் பள்ளிவாசலா சந்தையா என்று தெரியவில்லை.

"ஏங்க, என்னோடது?"

"ஒரு கை வெச்சாச்சு."

"என் பசங்களோடது?"

"வெட்டி வெச்சிருக்கேன். எது எந்தப் பையனோடதுன்னுதான் குழப்பம்."

"என் கால்சட்டை?"

"அது எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

கூட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரர் குரலும் கேட்டது. "என் சட்டை?"

"உங்களுக்கு நிஜமாவே பொத்தான் மட்டும்தான் பாக்கி."

அங்கே யாரோ சிரித்துவிட்டார்கள். இமாம் எல்லாரையும் அமர்த்தினார். "கேளுங்க. பிறை தெரிஞ்சா இந்த ஊர்ல முதல்ல மாட்டிக்கிறவர் இவர்தான். தெரியக் கூடாதுன்னு நினைச்சிருந்த மனுஷன் ஓடி வந்து தெரிஞ்சுதுன்னு சொல்றார். தன் பொய்யையெல்லாம் தானே எண்ணிச் சொல்லிட்டார். நான் இவரை நம்பறேன். ஆனா ஒருத்தர் சாட்சி போதாது. வேற யாரு பார்த்தீங்க?"

"நான் பார்த்தேன்!" என்று கறிக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"கொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"கீழ்ப் பக்கம்."

"அது உங்க கடையில தொங்குறதுங்க. வானத்துல உள்ளதைக் கேக்கறேன்."

பிறகு இமாம், இன்னொரு ஆண் இல்லையென்றால் இரண்டு பெண்கள் பார்த்திருந்தாலும் சரி என்றார். அதாவது எங்கள் இரண்டு பேர் கண்ணையும் கூட்டினால்தான் ஒரு ஆளின் கண். இந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கிற விஷயத்தில் என் ஒரு கண் நாலு ஆம்பளைக்குச் சமம் என்பது இமாமுக்குத் தெரியாது, ஊருக்குப் புதுசு.

அக்கா இன்னும் கிழக்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையையே மைக்கில கொட்டிக் கவிழ்த்துட்டாரே மனுஷன்" என்றாள். "இவ்வளவும் சொன்னப்புறம் யாரும் நம்பலைன்னா, துணியும் போச்சு, பேரும் போச்சு."

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணும் பார்க்கலையே அக்கா."

"பார்க்காம நிக்கிறதுக்குத்தானே இவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்!" என்றாள். பூட்டி வைத்த அறையின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது, அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "வாடி இங்க" என்றாள்.

நான் குட்டைச் சுவரைத் தாண்டிப் போனேன். அக்கா கிளிப்பைப் பிடுங்கித் துணியை ஒதுக்கினாள். இரண்டு மேகத்துக்கு நடுவில், கருநீலத் துணியில் சாக்கட்டியால் இழுத்த கோடு மாதிரி இருந்தது. கொம்பு இரண்டும் மேல் பக்கம்.

"இவ்வளவு பளிச்சுன்னா தெரியணும், பாவி" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பள்ளிவாசலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். வாசலில் நின்று, என்ன பார்த்தோம், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று இமாம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னோம். நான் நிலாவோடு நிறுத்திக்கொண்டேன் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அந்த மாடியிலிருந்து வேறு எவ்வளவோ தெரிகிறது.

நாளை பெருநாள் என்று அறிவித்தார்கள். ஊரே ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தது. கட்டிப் பிடித்து முடித்த கையோடு ஊரே தையல்கடைக்கு ஓடியது.

"இவ்வளவு வேலையை வெச்சுக்கிட்டு உன்னை எவன்யா வானத்தைப் பார்க்கச் சொன்னது?" என்று தலைவர் கேட்டார். மார்க்க விஷயத்தில் நல்லது செய்தவரை ஊர் எப்படிப் பாராட்டும் என்று பிறகுதான் புரிந்தது. ஒருத்தர், மேகம் இருக்கும்போது பார்த்ததே தப்பு என்றார். இன்னொருத்தர், பார்த்தவர் ஒரு கையையாவது வைத்து முடித்துவிட்டுப் பார்த்திருக்கலாம் என்றார்.

தையல்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். அக்காதான் முன்வாசல் பூட்டைத் திறந்துவிட்டாள். "வெட்டினது உள்ள இருக்கு, அவங்கவங்க துணியை அவங்கவங்க எடுத்துக்குங்க. ஊசி இருக்கு, நூல் இருக்கு. தைக்கத் தெரிஞ்சவங்க தைங்க, தெரியாதவங்க பொண்டாட்டிகிட்ட கெஞ்சுங்க. எலி மெஷின்ல தைக்க வேண்டியதைத் தைக்கும்" என்றாள். அதோடு கூட்டம் கலைந்தது. எலியின் மேல் தெருவுக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அப்புறம் மகளுக்குப் போன் போட்டாள். ராத்திரியே கிளம்பிவர அவசரத்துக்குப் பஸ்ஸில் இடமில்லையாம். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து பேசியது எனக்கே கேட்டது. "எங்க ஊர்ல பிறை தெரியலைன்னு அறிவிச்சுட்டாங்க மாமி. எங்களுக்கு நாளைக்கு நோன்பு. நோன்போடதான் வருவோம்." குரலில் பட்டணம் தெரிந்தது.

மறுநாள் காலையில் பெருநாள் தொழுகைக்குப் போன ஆண்களைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. காலர் இல்லாத சட்டை, காலர் மட்டும் நன்றாக வந்த சட்டை, கைத்தையல் வெள்ளை நூலாக வெளியே தெரிகிற சட்டை. வாத்தியாருக்குக் கால்சட்டையின் ஒரு கால் கணுக்கால்வரை, இன்னொரு கால் அவரிடம் படிக்கிற பையன்களின் அரைக்கால்சட்டை உயரத்தில். தலைவர் போன வருஷத்துச் சட்டையில் வந்தார். வயிறு மட்டும் இந்த வருஷத்தது. முதல் தடவை குனிந்தபோதே வரிசையில் அங்கங்கே நூல் விட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டதாகவும், இமாம் சீக்கிரமே நிமிர்ந்துவிட்டதாகவும் என் வீட்டுக்காரர் சொன்னார். முதல் வரிசையிலிருந்து கடைசிவரை ஒரே ஒரு ஆள்தான் முழுச் சட்டையோடு இருந்தார் என்றும் சொன்னார். அவர்தான் அது. பொத்தானை நான் தைத்துக் கொடுத்திருந்தேன்.

அக்கா வீட்டில் கறி வெந்து, சோறு தம் போட்டு, இனிப்புக் கிண்டி, எல்லாம் மூடி வைத்தபடி இருந்தது. புள்ள வராமல் யாரும் தொடக்கூடாது என்றுவிட்டாள். தையல்காரர் பசியோடு போய்க் கடையில் உட்கார்ந்து, ஒற்றைக் கையோடு நின்ற சட்டைக்கு இன்னொரு கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கிண்ணம் இனிப்புக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு வரத் தோதுப்படவில்லை. பஸ் வருகிற நேரம்.

வெயில் சாய்கிற நேரத்தில் வந்தார்கள். பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே அக்கா மகளைக் கட்டிக்கொண்டாள். மகள் உதட்டோரத்தில் பிஸ்கட் தூள். வரும் வழியிலேயே தன் வாப்பாவின் பிறையை நம்பிவிட்டாள் போலிருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் காய்ந்த உதட்டோடு, வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. கை கழுவுங்க, சோறு சூடா இருக்கு" என்றாள் அக்கா.

"இல்ல மாமி. நான் நோன்பு."

"இங்க பெருநாள் மாப்பிள்ளை."

"எங்க ஊர் அறிவிப்புப்படி இல்லையே."

"நீங்க எந்த ஊர்ல நிக்கிறீங்களோ அந்த ஊர்ப் பெருநாள்தான் உங்களுக்குன்னு இமாம் சொல்றார்."

"அது சரிதான் மாமி. ஆனா பிறையைப் பார்த்தது யாரு?"

மகள் தரையைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"உங்க மாமாதான்" என்றாள் அக்கா கடைசியில்.

மாப்பிள்ளை பெரிய மரியாதைக்காரர். ஒன்றும் சொல்லவில்லை. மாமனாரைப் பற்றித் தெரிந்தவர்கள் பேசாமல் இருப்பதே ஒரு பேச்சுதானே! அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஊரெல்லாம் நம்பிய பிறகு, வீட்டு மாப்பிள்ளை நம்பாமல், இவ்வளவு சோற்றுக்கும் முன்னால் பட்டினியாக உட்காரப் போகிறார்.

சத்தம் கேட்டுத் தையல்காரர் கடையிலிருந்து வந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. மாமனாரைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குப் பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்தது.

"மாமா, எனக்குச் சட்டை தைக்கிறேன்னு போன்ல சொன்னீங்களே. முடிஞ்சிடுச்சா?"

அக்கா கண்ணால் ஜாடை காட்டினாள். சொல்லிவிடுங்கள், பொத்தான் மட்டும்தான் பாக்கி என்று சொல்லிவிடுங்கள், பெருநாளும் அதுவுமாக மாப்பிள்ளை மனசு நோக வேண்டாம் என்கிற ஜாடை. தையல்காரர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார்.

"மாப்பிள்ளை, உங்க சட்டைக்கு நான் இன்னும் துணியே வாங்கல."

மாப்பிள்ளை அவரையே பார்த்தார். போன தடவை கேட்டபோது மாமா என்ன சொன்னார், அதற்கு முந்தின தடவை என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"அப்போ நிஜமாவே பார்த்திருக்கீங்க" என்றார். "மாமி, குடிக்கத் தண்ணி குடுங்க."

அக்கா தண்ணீர் எடுக்கப் போன வேகத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு நோன்பு போச்சா, நின்றதா, அதைப் பிறகு வைக்க வேண்டுமா என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டு, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். விரிப்பைப் போட்டு, நடுவில் சோற்றை வைத்து, எல்லாரும் உட்கார்ந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஒரு தடவைதான் சொன்னார்கள், போதும்.

மாப்பிள்ளை இரண்டாம் தடவை கறி போட்டுக்கொள்ளும்போது தையல்காரருக்கு உட்கார முடியவில்லை. நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அக்கா.

"இப்பவே அளவு எடுத்துடறேன்டி."

"சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் எடுங்க. இடுப்பு அளவு அப்போதான் உண்மையா வரும்" என்றாள் அக்கா, மாப்பிள்ளைத் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தபடி.